மூன்று கேமராவும் ஒரு ஜெபமும்

என் கையெழுத்தைப் படிக்கப்போகிறவர்கள் முதலிலேயே என்னை மன்னித்துவிட வேண்டும். சோபாத் துணி தைக்கும் வளைந்த ஊசியைப் பிடித்துப் பழகிய கை இது. பேனாவைப் பிடித்தாலும் குத்தித்தான் எழுதுகிறது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்ற சந்தேகம் எனக்கு நாலாம் வகுப்பில் வந்தது. அதோடு பள்ளிக்கூடமும் நின்றுபோனதால் இன்றுவரை தீரவில்லை. தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வராதவன் எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

வாயால் சொல்ல வராது என்றால் சாதாரணக் கூச்சம் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் "உனக்கு என்ன கவலை?" என்று என் மனைவியிடம் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. அவளும் என் முகத்தைப் பார்த்துத் தன் கவலையைச் சொன்னதில்லை. ஆனாலும் அவள் கவலை ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். சாயங்கால ஜெபத்தில் தெரிந்துகொள்வேன்.

எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகளில் விளக்குப் போட்ட பிறகு குடும்ப ஜெபம் உண்டு. பாய் விரித்து உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடுவோம். வேதத்தில் ஒரு பகுதி வாசிப்போம். பிறகு கண்ணை மூடிக்கொள்வோம், ஒருவர் வாய்விட்டு ஜெபிப்பார். எங்கள் வீட்டில் வாசிப்பு என் பங்கு. எழுத்துக் கூட்டி எப்படியோ வாசித்து முடித்துவிடுவேன். ஜெபம் அவள் பங்கு.

கண்ணை மூடிவிட்டால் அவள் வேறு ஆள். பகலெல்லாம் நாலு வார்த்தை பேசுகிறவள் ஆண்டவரிடம் கொட்டுவாள். "ஆண்டவரே, இவருக்கு ரெண்டு நாளா முதுகு வலி. என்கிட்ட சொல்ல மாட்டேங்குறாரு. நீர் பாத்துக்கும்" என்பாள். மறுநாள் காலையில் வெந்நீர் தயாராக இருக்கும். "மிக்ஸி கெட்டுப்போச்சு சாமி, கடையில வேலை இல்லாத நேரத்துல இவர்கிட்ட எப்பிடிச் சொல்றது" என்பாள். நான் ஒன்றும் தெரியாதவன்போல மிக்ஸியைப் பையில் போட்டுக்கொண்டு போய்ச் சரிசெய்து கொண்டுவந்து வைப்பேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டதில்லை. எங்கள் குடித்தனம் அப்படித்தான், ஆண்டவர் வழியாக நடந்தது.

அந்தக் குரல் எங்கள் வீட்டில் இப்போது இல்லை. அது போன கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

லிங்கராஜபுரத்தில் எங்களுக்கு ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. சோபா பழுது பார்க்கும் கடை பக்கத்துத் தெருவில். ஒரே மகள். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, அங்கேயே அடுக்குமாடியில் வீடு. மருமகனும் கம்ப்யூட்டர் வேலைதான். அவருடைய அப்பா அம்மா சந்தாபுராவில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். எல்லாரும் ஒரே ஊர் என்று பேர். ஆனால் பஸ்ஸில் ஏறினால் பாதி நாள் போய்விடும்.

போன வருடம் மழைக்காலத்தில் என் மனைவி சமையலறையில் தலைசுற்றி விழுந்தாள். சர்க்கரை இறங்கியிருந்தது. நான் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, நெற்றியில் ஒரு வீக்கம். ஆனால் மகள் பயந்துபோனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார்கள்.

"கேமரா மாமா. இன்டர்நெட்ல ஓடும்" என்றார் மருமகன். "மூணு சேத்து வாங்குனா சக்கத்தான ஆஃபர், வெல ரொம்பக் கம்மி. ஒண்ணு எங்க வீட்டுக்கு, ஒண்ணு சந்தாபுராவுல வாசல் கேட்டுக்கு, ஒண்ணு இங்க."

"எங்க வீட்டுல திருடுறதுக்கு என்னா இருக்கு மாப்ளே? பழைய பஞ்சுதான் இருக்கு" என்றாள் என் மனைவி.

"திருடனைப் பாக்க இல்ல அத்தை, உங்களைப் பாக்க."

"என்னை இவரே நிமிந்து பாக்குறதில்ல. நீங்க ஏன் சிரமப்படுறீங்க?"

எல்லாரும் சிரித்தோம். மகள் மட்டும் சிரிக்கவில்லை. "மம்மி, நீங்க விழுந்து கெடந்தீங்க. யாருக்கும் தெரியல. எனக்கு ஆபீஸ்ல உக்காந்தா கையி ஓடல" என்றாள். மருமகன் டிவிக்கு மேலே சுவரில் துளை போட்டுக் கேமராவை மாட்டினார். அங்கிருந்து பார்த்தால் கூடம் முழுவதும் தெரியும் என்றார். கூடம் முழுவதும் என்றால் நாங்கள் பாய் விரிக்கும் இடமும்தான்.

கேமரா எனக்குப் புதிது இல்லை. வேலைக்குப் போகிற அடுக்குமாடிகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை ஆள் இல்லாத வீட்டில் சோபாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். சாவி வாட்ச்மேன் கொடுத்தது. தனியாக இருக்கிறோமே என்று ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். வீட்டு ஜெபத்தைத் தவிர யார் முன்னாலும் பாடாதவன் நான். திடீரென்று அலமாரிக்கு மேலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அண்ணா, நல்லா பாடுறீங்க. அந்த மூலையில மட்டும் துணியைக் கொஞ்சம் இழுத்து அடிச்சிடுங்க." அந்த வீட்டு அம்மா எங்கேயோ ஆபீஸில் இருந்துகொண்டு கேமரா வழியாகச் சொன்னது. பாராட்டித்தான் சொன்னது. ஆனாலும் சட்டையில்லாமல் தெருவில் நின்றதுபோல எனக்கு உடம்பு கூசியது. அதற்குப் பிறகு வேலை செய்யும் இடத்தில் நான் பாடுவதில்லை.

மருமகன் சுவரில் துளை போடும்போது அந்த ஞாபகம் வந்தது. ஆனால் மகள் முகத்தில் இருந்த பயத்துக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது? "பாத்து மாப்ளே, சுவர் பழசு, காரை உதிரும்" என்று மட்டும் சொன்னேன்.

முதல் சில நாட்கள் என் மனைவி கூடத்துக்கு வரும்போதெல்லாம் முந்தானையைச் சரிசெய்துகொள்வாள். யாரோ விருந்தாளி உட்கார்ந்திருப்பதுபோல. காலையில் எழுந்து அதைப் பார்த்து "ஸ்தோத்திரம்" என்றுகூடச் சொன்னாள். மதியம் அதிலிருந்து மகளின் குரல் வரும். "மம்மி, மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேம்மா. கருவாட்டுக் குழம்பு வச்சிருக்கேன், பாரு" என்று கிண்ணத்தைத் தூக்கிக் காட்டுவாள்.

"வாசனை வரல மம்மி."

"அதுக்கு இன்னொரு ஆஃபர் வரும், மாப்ளைய வாங்கச் சொல்லு."

உண்மையைச் சொன்னால் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். மகள் பக்கத்து அறையில் இருப்பதுபோல இருந்தது. அதனால் நானும் சமாதானமாகிவிட்டேன்.

எங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அதை நாங்கள் போன் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தோம். மகள் பேசினால் லைன் இருக்கிறது, பேசி முடித்தால் லைன் கட். பேசாத நேரத்தில் அது வெறும் டப்பா. அப்படித்தான் இருவரும் நம்பினோம். ஆனால் அது சத்தம் கேட்டாலே பதிவு செய்து, எங்கேயோ இருக்கிற கம்பெனிக்கு அனுப்பி, அங்கே சேர்த்து வைத்துக்கொண்டிருந்தது. பதிவாகும்போது அதில் ஒரு நீல விளக்கு எரியும். பகல் வெளிச்சத்தில் அது தெரியாது. பாட்டிலும் வாசிப்பிலும் எங்கள் கண் புத்தகத்தில் இருக்கும், ஜெபத்தில் மூடியிருக்கும். யாராவது ஒருவர் கண்ணைத் திறந்திருந்தால் பார்த்திருப்போம்.

இன்னொன்றும் இருந்தது. அது மருமகனுக்கே சரியாக உறைக்கவில்லை. பதிவுகளைச் சேர்த்து வைக்கக் கம்பெனிக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். வீட்டுக்கு ஒரு கணக்கு வைத்தால் மூன்று தடவை கட்ட வேண்டும். அதனால் மூன்று கேமராவையும் ஒரே கணக்கில் போட்டு, அந்த ஒரே கணக்கை எல்லார் போனிலும் திறந்து கொடுத்துவிட்டார். என் சம்பந்தியம்மாவின் போனிலும். அது அவர்கள் வீட்டுக் கேட்டில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க. போன் திரையில் கேமராவுக்கு ஒரு கட்டம், அவர்கள் அதில் ஒரு கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டம் எங்கள் கூடம்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஒருநாள் ஜெபத்தில் என் மனைவியின் குரல் உடைந்தது. அப்படி அவள் அழுது நான் கேட்டதில்லை. மருமகனின் பெயரைச் சொன்னாள். "ஆண்டவரே, புள்ளைய வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. தினமும் பேக்க மாட்டிக்கிட்டு ஆபீஸுக்குப் போற மாதிரி கெளம்பிப் போயி பார்க்குல உக்காந்திருக்காரு. அவங்க அப்பா அம்மாவுக்குக்கூடத் தெரியாது. என் மக என்கிட்ட மட்டும் சொல்லி அழுவுறா. அந்தப் புள்ள மனசு உடையாம பாத்துக்கும். அவரை யார் முன்னாலயும் தலைகுனிய விடாதேயும்."

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. மாடியில் துணி காயப்போடும்போது மகள் போனில் சொல்லியிருக்கிறாள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது என் மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வழக்கம்தான். மறுநாளிலிருந்து மருமகனுக்கு நானே போன் செய்து, "சாப்டீங்களா மாப்ளே?" என்று கேட்க ஆரம்பித்தேன். அவர் அதிசயப்பட்டிருப்பார்.

அதே ஜெபம் தினமும் நடந்தது. ஒருநாள் சாயங்காலம் சந்தாபுராவில் சம்பந்தியம்மாவின் போன் மணியடித்தது. கேட்டில் யாரோ என்று நினைத்து அழுத்தினார்கள். கை தவறிப் பக்கத்துக் கட்டம் பெரிதாகிவிட்டது. எங்கள் பாயும், நாங்கள் இருவரும், என் மனைவியின் குரலும்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் அவர்கள் மூவரும் வந்தார்கள். சம்பந்தியம்மா முன்னால், மருமகன் பின்னால், கடைசியில் என் மகள். என் மனைவி நாற்காலி போட்டாள். சம்பந்தியம்மா உட்காரவில்லை.

"நல்லாத்தான் ஜெபிக்கிறீங்க சம்பந்தி. நாங்களும் கேட்டோம்" என்றார்கள்.

என் மனைவிக்குப் புரியவில்லை. "எங்க கேட்டீங்க? நான் சபையிலகூட வாய்விட்டு ஜெபிச்சதில்லையே" என்றாள்.

சம்பந்தியம்மா சுவரைக் காட்டினார்கள். "என் புள்ளைக்கு வேலை போனது பெத்தவ எனக்குத் தெரியாது. லிங்கராஜபுரத்துப் பாயில தெரியுது. ஜெபம்னு பேரு. ஆனா இது ஊருக்குத் தண்டோரா."

"அம்மா, போதும்" என்றார் மருமகன். அவர் யாரையும் பார்க்கவில்லை. வாசலில் கழற்றிய செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மகள் என் மனைவியிடம் வந்தாள். அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகக் கேட்டாள். "உங்ககிட்ட மட்டும்தான மம்மி சொன்னேன். ஏன் வாய்விட்டுச் சொன்னீங்க?"

"நான் ஆண்டவர்கிட்டதானம்மா சொன்னேன்" என்றாள் என் மனைவி.

சம்பந்தியம்மாவுக்கும் அந்த வார்த்தை தைத்திருக்க வேண்டும். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். என்னைப் பார்த்து, "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. பெத்த வயிறு" என்றார்கள். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? பிள்ளை வேலையில்லாமல் பார்க்கில் உட்கார்ந்திருப்பது தாய்க்கு இப்படியா தெரிய வேண்டும்?

போகும்போது மருமகன் ஸ்டூல் போட்டு ஏறித் தானே கேமராவைக் கழற்றினார். "ஒரே கணக்குல போட்டது நான்தான் மாமா. மூணு பிளான் எதுக்குன்னு நெனச்சேன்" என்றார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அது மட்டும்தான் என்னால் முடிந்தது.

அன்று சாயங்காலம் பாட்டு, வாசிப்பு முடிந்து கண்ணை மூடினோம். காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. வெளியே ஆட்டோ போகிற சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம். கடைசியில் "ஆமென்" என்று மட்டும் கேட்டது. மனதுக்குள்ளேயே ஜெபித்து முடித்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

கேமராதான் போய்விட்டதே, சரியாகிவிடும் என்று நினைத்தேன். சுவரில் இருந்த இரண்டு துளைகளையும் பட்டி வைத்து அடைத்தேன். ஆனால் அவள் டிவியைப் பார்த்து, "இதுவும் நெட்டுலதான ஓடுது?" என்று கேட்டாள். ஜெப நேரத்துக்கு முன்னால் இரண்டு பேர் போனையும் எடுத்துப் போய்ச் சமையலறையில் அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினாள். மூடிவிட்டு வந்தும் வாய் திறக்கவில்லை.

அவள் போனில் வேலைவாய்ப்புப் பயிற்சி விளம்பரம், கடன் தருகிறோம் என்ற விளம்பரம் எல்லாம் வர ஆரம்பித்தது. "பாருங்க, ஜெபத்தைக் கேட்டுட்டுத்தான் அனுப்புறானுங்க" என்றாள். மகளிடம் கேட்டேன். வேலை தேடி அவளும் மருமகனும் இங்கே வந்தபோது அம்மா போனிலும் எதையெதையோ பார்த்ததால்கூட வந்திருக்கலாம் என்றாள். இருக்கலாம். கேமராவிலிருந்துதான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்று அவளிடம் அடித்துச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? தையல் பிரிந்தால் என் கடைக்கு வந்து என்னைத் திட்டலாம். இந்தக் கம்பெனியின் கடை எந்தத் தெருவில் இருக்கிறது?

மருமகன் ஒருநாள் போனில் அந்தக் கம்பெனியின் நிபந்தனைகளைக் காட்டினார். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எல்லாம் பொடி எழுத்து, இங்கிலீஷ். "இதுக்கெல்லாம் சரின்னு அழுத்துனாத்தான் கேமரா ஓடும் மாமா. யாரும் படிக்கிறதில்ல. நானும் படிக்கல" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அத்தையைப் பார்த்துக்கொள்ளத்தானே வாங்கினார்.

அவருக்கு இப்போது வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. முன்பைவிடச் சின்னக் கம்பெனி. அவர் பெயரைச் சொல்லி என் மனைவி நன்றி ஜெபம் செய்திருப்பாள். செய்திருப்பாள் என்றுதான் எழுத முடிகிறது. நான் கேட்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர் தனியாக என் கடைக்கு வந்தார். பிரித்துப் போட்ட சோபாவின் ஓரத்திலேயே உட்கார்ந்தார். அந்தக் கணக்கை மூடப்போவதாகச் சொன்னார். மூடினால் பதிவுகள் எல்லாம் அழிந்துவிடும். அழிந்துவிடும் என்று கம்பெனி சொல்கிறது.

கொஞ்ச நேரம் பஞ்சைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "மாமா, அத்தை ஜெபம் பண்ணது பூரா அதுல இருக்கு. எனக்காகப் பண்ணது மட்டும் இல்ல. உங்களுக்காக, உங்க கண்ணுக்காக, எல்லாம் இருக்கு. வேணும்னா உங்க போன்ல போட்டுத் தர்றேன். கணக்கை மூடிட்டா கெடைக்காது."

என் கண்ணுக்காகவா? ஊசியில் நூல் கோர்க்க நான் சிரமப்படுவதை அவள் பார்த்திருக்கிறாள் என்பதே எனக்கு மறந்திருந்தது.

எனக்கு வேண்டும்போல இருந்தது. அந்தக் குரல் இல்லாமல் வீட்டில் நான் குருடன் மாதிரி இருக்கிறேன். அவளுக்கு எங்கே வலிக்கிறது, என்ன வேண்டும், என்மேல் என்ன வருத்தம் என்று ஒன்றும் தெரியவில்லை. போனைக் கையில் கொடுத்தால் போதும், எல்லாம் கேட்டுவிடலாம். மருமகன் விரலைப் போன்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

முன்பெல்லாம் நான் பக்கத்தில் இருப்பது தெரிந்துதான் அவள் சொன்னாள். இப்போது அவளுக்குத் தெரியாமல் கடையில் உட்கார்ந்து அதைக் கேட்டால், அலமாரிக்கு மேலிருந்து பேசிய குரலுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"நக்கோ மாப்ளே, வேணாம். அழிச்சிடுங்க" என்றேன்.

அழித்துவிட்டார். சரியாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஆனால் தினமும் சாயங்காலம் அந்தச் சத்தமில்லாத நேரத்தில், ஒன்றையாவது வைத்துக்கொண்டிருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்கிறது. அவள் இனிமேல் வாய் திறக்கவே இல்லையென்றால்? அவள் ஜெபித்த குரல் உலகத்தில் எங்கேயும் இல்லை. ஒருவேளை கம்பெனிக்காரன் அழிக்காமல் வைத்திருந்தால் அவனிடம் இருக்கும். எனக்கு இல்லை. இதை நினைத்தால் தாங்கவில்லை.

இன்று சாயங்காலம் வாசிப்பு முடிந்தது. அவள் கண்ணை மூடினாள். நான் மூடவில்லை. அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. அவள் ஆமென் சொல்லும் முன்னால் என் வாயிலிருந்து, "ஆண்டவரே" என்று வந்துவிட்டது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. என் வாழ்நாளில் நான் வாய்விட்டு ஜெபித்ததில்லை. அதற்குமேல் வரவில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். முதலில் டிவிக்கு மேலே, பட்டி வைத்த இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பாயில் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் வந்து, தன் காதை என் வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"மெதுவாச் சொல்லுங்க" என்றாள்.

மெதுவாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதவில்லை.

லெந்து என்னும் தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு,
2026 மார்ச் 8.